ஈரச்சேலைக்காரியும் வேகாத பருப்பும்

வெள்ளரிக்குளத்தில் மழை பெய்து பதினாறு மாசம் முடிந்திருந்த ஒரு புதன்கிழமை, காலை ஒன்பதரை மணி மினிபஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். அவளுடைய முந்தானையிலிருந்தும் கொசுவத்திலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அவள் கால் வைத்த இடமெல்லாம் புழுதியில் ஈரப் பாதம் பதிந்தது, படியில் நின்ற கண்டக்டர் "டிக்கெட் எடுத்தாவ, அதுல குறை சொல்ல முடியாது, ஆனா சீட்டப் பூரா நனைச்சுட்டாவ" என்று பொதுவாக ஊரைப் பார்த்துப் புகார் சொல்லிவிட்டு விசில் ஊதிக்கொண்டு போனார்.

மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் குடத்தோடு நின்ற பெண்கள் ஆச்சரியப்படவில்லை, சந்தேகப்பட்டார்கள். ஒரு சொட்டு மழையில்லாத சீமையில் ஒருத்தி இப்படி நனைந்து வருகிறாள் என்றால் அது யாரோ குடிக்க வைத்திருந்த தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கைப்பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்ற உலகம்மாள்தான் முதலில் முகத்தை அடையாளம் கண்டாள். அவள் அந்த ஊர்ப் பால்வாடியில் சமையல் வேலை பார்க்கிறவள். ஊருக்கு மேற்கே இருந்த தண்ணீர்க் கம்பெனி பால்வாடிக்கு வாரம் இரண்டு கேன் இனாமாகத் தந்து போட்டோ எடுத்துக்கொள்ளும். அந்தக் கேனில் ஒட்டியிருந்த படத்தில் சிரிக்கிற முகத்தை வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது மனப்பாடம்.

"மதினி, இது நம்ம கேன்காரில்லா" என்றாள்.

அடுத்த வீட்டு வள்ளித்தாய் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். "ஆமாட்டி. கம்பெனிக்காரன் அனுப்பிருக்கான். நோட்டம் பாக்க வந்திருக்கா."

இப்படியாக, வந்தவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் யார், எதற்கு வந்தாள் என்பதை ஊர் முடிவு செய்துவிட்டது.

அவள் நீலாஞ்சனா. நெல்லூர்ப் பக்கத்துக்காரி, பதினாறு வயசில் சினிமாவுக்கு வந்தவள், முதல் படத்தின் முதல் நாளே அவளை மழையில் நிறுத்திப் பாட வைத்தார்கள், பாட்டும் படமும் பிய்த்துக்கொண்டு ஓடின, அதற்கப்புறம் நீலாஞ்சனா நனையாத படம் ஓடாது என்று யாரோ ஒரு விநியோகஸ்தர் சொல்ல, பத்தொன்பது வருஷம் அவளை நனைத்தார்கள்; வயக்காட்டில் நனைத்தார்கள், மொட்டைமாடியில் நனைத்தார்கள், ரயில் மேல் நிறுத்தி நனைத்தார்கள், காய்ச்சலோடு நனைத்தார்கள், வெயில் கொளுத்துகிற சித்திரையில் லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஓட்டை போட்ட குழாய் வழியாக அவள் தலையில் மட்டும் ஐப்பசி மாசத்தை ஊற்றினார்கள். வயசு கொஞ்சம் ஏறினதும் அவள் கையில் குடையைக் கொடுத்து அம்மா வேஷம் என்றார்கள், பிறகு குடையையும் வாங்கிக்கொண்டார்கள். கடைசியாக வந்தது கம்பெனியின் தண்ணீர் விளம்பரம்: அவள் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, "இளநீர் தோத்தது போங்க" என்று சொல்ல வேண்டும், சொன்னாள், வெள்ளரிக்குளத்துப் பிள்ளைகள் ஆறு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லி விளையாடுகின்றன.

அந்த விளம்பரம் முடிந்து வீட்டுக்குப் போன அன்றைக்குத்தான் அவள் சேலை காயவில்லை. மாற்றிக் கட்டினாள், மாற்றினதும் நனைந்தது. பெட்டியிலிருந்த பட்டெல்லாம் கட்டிப் பார்த்தாள், பட்டும் நனைந்தது. டாக்டர்கள் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் நன்றாயிருக்கிறது என்றார்கள். சினிமாக்காரர்கள் மட்டும் சந்தோஷப்பட்டு, லாரிச் செலவு மிச்சம் என்று மறுபடி கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. இத்தனை வருஷம் என் மேல் ஊற்றினது யாருடைய தண்ணீர் என்று கேட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள், ஆற்று மணல் லாரிக்குக் குறுக்கே நின்றாள், இரண்டு தடவை கைதானாள், அவளை ஏற்றிப் போன போலீஸ் வேன் தரை துருப்பிடித்துப் போனதாகவும் ஒரு பேச்சு உண்டு. இதையெல்லாம் ஊரில் எல்லாரும் டிவியில் பார்த்திருந்தார்கள், பார்த்துவிட்டு, மார்க்கெட் போனவளுக்கு இப்படியொரு வழி என்று அடுத்த சேனலுக்குப் போயிருந்தார்கள்.

இப்போது அவள் தொட்டிக்கு அடியில் நின்று கையைக் கூப்பினாள்.

"அந்தக் கேன்ல இருக்கறது என் மூஞ்சிதான். நடிச்சது தப்பு. குளத்துக்குள்ள கம்பெனி ரெண்டாவது போர் போடப் போறாங்க, காந்தி ஜெயந்தி அன்னைக்கு கிராமசபையில உங்ககிட்ட சம்மதம் கேப்பாங்க. குடுத்துடாதீங்கன்னு சொல்ல வந்தேன்."

வள்ளித்தாய் முன்னால் வந்தாள். "யம்மா, சினிமாவுல நீங்க எம்புட்டுப் பேர ஏமாத்துனியளோ எங்களுக்குத் தெரியாது. உங்க பருப்பு இங்க வேவாது."

நீலாஞ்சனா தமிழை வசனப் பேப்பரிலிருந்து கற்றவள். இந்த வசனம் எப்போதும் வில்லனுக்கோ காமெடிக்காரருக்கோ போய்விடும், அவள் பங்குக்கு வந்ததே கிடையாது. அதனால் அவள் முகம் கவலையில் சுருங்கியது.

"அடடா. தண்ணி அவ்வளவு உப்பா? எத்தனை விசில் வைப்பீங்க?"

யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. உலகம்மாளுக்கு மட்டும் பதில் தானாக வாயில் வந்தது, ஏனென்றால் அது அவளுடைய தினப்பாடு. "ஒம்பது விசில் வச்சாலும் முழிச்சுக்கிட்டே கெடக்கும்."

"அப்ப என் தண்ணியில வச்சுப் பாரேன், தங்கச்சி" என்று நீலாஞ்சனா முந்தானையைப் பிழிந்து நீட்டினாள். யாரும் குடத்தை நீட்டவில்லை.

அன்றைக்கே, திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்களின் பூட்டின வீட்டில் அவளைத் தங்க வைத்தார்கள், தங்க வைத்த கையோடு வள்ளித்தாயும் இன்னும் மூன்று பெண்களும் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே ட்யூப் கீப் சுற்றியிருக்கிறாளா என்று அவளைச் சோதித்தார்கள். நீலாஞ்சனா கையைத் தூக்கிக்கொண்டு திரும்பச் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினாள். ட்யூப் இல்லை. வள்ளித்தாய் தன்னுடைய காய்ந்த நூல்சேலையையே கொடுத்துக் கட்டச் சொன்னாள், பத்து நிமிஷத்தில் அதுவும் சொட்ட ஆரம்பித்தது. "சேலையக் கெடுத்துட்டா" என்பதுதான் அவள் வெளியே வந்து சொன்ன தீர்ப்பு.

அதற்குப் பிறகு ஊர் அவளோடு வாழப் பழகிக்கொண்டது, நம்பவில்லை, பழகிக்கொண்டது. அவள் வந்தால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், மரம் ஊறிவிடும் என்று. ஆடுகள் அவள் பின்னாலேயே கொசுவத்தை நக்கிக்கொண்டு போயின. அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசின இடத்தில் மூன்றாம் நாள் அறுகு முளைத்தது, அதை ஆடு மேய்ந்தது, யாருடைய ஆடு மேய்வது என்று இரண்டு வீட்டுக்குச் சண்டை வந்தது. டெங்கு ஒழிப்புக்கு வருகிற பெண் அவள் நாற்காலிக்கடியில் தேங்கின தண்ணீரில் டார்ச் அடித்துப் பார்த்து, புழு இல்லை என்று நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை இடம் மாறி உட்காரச் சொல்லிவிட்டுப் போனாள். பெண்கள் முதலில் பாத்திரம் விளக்க அந்தத் தண்ணீரைப் பிடித்தார்கள், பிறகு துணி அலச, பிறகு மாட்டுக்கு, பிறகு தெரு வாரியாக முறை வைத்து, கீழத்தெருவுக்குக் காலை, மேலத்தெருவுக்குச் சாயங்காலம் என்று குடங்களை வரிசையாக வைத்தார்கள். குடம் நிரம்ப நிரம்ப அவள் போர் போடுவதைப் பற்றிப் பேசினாள், அவர்கள் குடத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்கள். ஆனால் ஒருத்தர் ஒரு வாய் குடிக்கவில்லை. கம்பெனிக்காரி தண்ணீரில் என்ன கலந்திருக்கிறதோ.

உலகம்மாளுக்கு மற்றவர்களைவிடச் சந்தேகம் கூடுதலாகவே இருக்க வேண்டியிருந்தது. அவள் புருஷன் சுடலைமணி அந்தக் கம்பெனியின் கேன் வண்டி டிரைவர். தீர்மானம் தோற்றால் முதலில் போவது உள்ளூர்க்காரன் வேலைதான் என்று மேனேஜர் ஜாடையாகச் சொல்லியிருந்தார். இரண்டு பிள்ளைகள், பால்வாடியில் அவளுக்கு வருகிறது சோப்புக்கும் சேமியாவுக்கும் காணும். ஆகவே அந்த நடிகை பொய்க்காரியாக இருந்துவிட்டால் உலகம்மாளுக்கு நிம்மதி. நிம்மதியாகக் கையைத் தூக்கிவிட்டு வரலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை பால்வாடிக்குக் கேன் வரவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. குழாய்த் தண்ணீரில் போட்ட பருப்பு ஏழு விசில் கடந்தும் கல்லு மாதிரி கிடந்தது. வாசலில் நீலாஞ்சனா ஒரு பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தாள், அவள் சேலைக்கடியில் வைத்திருந்த வாளி நிறைந்து கிடந்தது.

ஊர் வாய்க்குப் பயந்து பிள்ளைகளைப் பட்டினி போட முடியுமா? உலகம்மாள் வாளியைத் தூக்கினாள். தன் கைப்பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன்னால் தான் குடித்துச் செத்தால் சாவோம் என்று ஒரு மடக்குக் குடித்தாள், சாகவில்லை, உழக்குப் பருப்பைப் போட்டு மூடினாள். மூன்றாவது விசிலுக்கு வாசம் வந்தது. திறந்தால், பருப்பு பூவாக மலர்ந்து, கரண்டியை வைத்தால் தானாக மசிகிறது. ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள்.

அந்த ருசி அவளுக்குத் தெரியும். ஏழெட்டு வருஷத்துக்கு முந்தி வரைக்கும் அவள் வீட்டுப் பருப்பு இந்த ருசியில்தான் இருந்தது. அது ஊர்க்கிணற்றுத் தண்ணீர்; கம்பெனி வந்த மறுவருஷம் அடித்தூர் காய்ந்து, இப்போது குப்பை கொட்டுகிற அந்தக் கிணற்றின் தண்ணீர். கூடவே, யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி இந்த ஊரில் ஒரு மழைப் பாட்டுப் படம் பிடித்தார்கள். ஒன்பது நாள் அந்தக் கிணற்றில் மோட்டார் ஓடியது, லாரியும் வேண்டியிருக்கவில்லை, கிணற்றிலிருந்து நேரே குழாய் போட்டு இதே நடிகை தலையில் கொட்டினார்கள். தண்ணீர் எடுக்கச் சம்மதமா என்று கேட்டதற்கு ஊரே விசிலடித்துக் கையைத் தூக்கியது. உலகம்மாளும் அப்பா தோளில் உட்கார்ந்து கையைத் தூக்கினாள்.

பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்டுச் சாப்பிட்டன. தட்டைக் கழுவும்போதே உலகம்மாளின் மூளை மறுபடி வழக்கமான பாதைக்கு வந்துவிட்டது. பழைய கிணற்றுத் தண்ணீர் எப்படி இவள் சேலையில் வரும்? வராது. நல்ல தண்ணீர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, கம்பெனிக்குள்ளே. ராத்திரியோடு ராத்திரியாக அவளுக்குக் கம்பெனியிலிருந்து தண்ணீர் வருகிறது, அவள் சேலையை நனைத்துக்கொண்டு நம்மிடம் நாடகம் போடுகிறாள், நம்மோடு ஒட்டிக்கொண்டு கடைசி நிமிஷம் கவிழ்த்துவிடப் போகிறாள்.

சுடலைமணிக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. நடிகையைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தால் மேனேஜர் மெச்சிக்கொள்வார்.

"நான் என்ன செய்யணும்ட்டி?"

"கம்பெனித் தண்ணி ஒரு குடம் கொண்டாங்க. கேன்ல அடைச்சது வேண்டாம், அதுல மருந்து வாடை அடிக்கும், ருசி பிடிபடாது. மிஷினுக்குள்ள போறதுக்கு முந்துன தண்ணி."

"அது உப்புல்லா?"

"இருக்கட்டும். ரெண்டுலயும் பருப்பு வச்சுப் பாத்தா, ஒரே தண்ணியா வேற வேற தண்ணியான்னு எனக்குத் தெரிஞ்சுரும்."

மிஷினுக்குப் போகிற குழாயிலிருந்து வண்டி கழுவுவதற்கென்று ஒரு குழாய் பிரித்து விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் ஒரு குடம் பிடித்துக்கொண்டு வந்தான். உலகம்மாள் இரண்டு அடுப்பில் இரண்டு குக்கரை ஏற்றினாள்; இடது பக்கம் நடிகை, வலது பக்கம் கம்பெனி. இரண்டும் ஒன்று போல விசிலடித்தன, ஒன்று போல வாசம் வந்தது, மூன்றாவது விசிலில் இரண்டையும் இறக்கித் திறந்தால் இரண்டிலும் பருப்பு பூவாக மலர்ந்திருந்தது. இதிலொரு விரல், அதிலொரு விரல். ஒரே ருசி.

"புடிச்சுட்டேன்" என்றாள். "நான் சொன்னேம்லா. கம்பெனித் தண்ணிதான் அவ சேலையில. ரெண்டும் ஒண்ணு."

சுடலைமணியும் தொட்டு நக்கிப் பார்த்தான். பார்த்தவன் முகம் மாறியது. அவன் வலது பக்கக் குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உலகு, இது எப்படி வெந்துச்சு?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பெனி கேட்டில் பெரிய எழுத்தில் போர்டு இருக்கிறது, உப்புத் தண்ணீரை எடுத்துக் குடிதண்ணீர் ஆக்குகிறோம் என்று. ஒவ்வொரு கிராமசபையிலும் மேனேஜர் அதையேதான் சொல்வார்: உங்க கிணறு வத்துனதுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல, உங்க நல்ல தண்ணி ஊத்து வேற, நாங்க எடுக்கிற உப்புத் தண்ணி வேற, யாருக்கும் ஆகாத தண்ணியத்தானே எடுக்கோம். நடிகையை, டெங்குக்காரியை, பஸ் கண்டக்டரைக்கூடச் சந்தேகப்பட்ட ஊர், எட்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தையை மட்டும் சந்தேகப்படாமல் விழுங்கியிருந்தது.

"அஞ்சு வருஷமா அதுல வண்டி கழுவுதேன்" என்றான் சுடலைமணி மெதுவாக. "உப்புன்னு சொன்னான்னு ஒரு வாய் குடிச்சுப் பாத்ததில்ல. வண்டி கண்ணாடியில ஒரு நாளும் உப்புப் பூக்கல. அதக்கூட யோசிக்கல பாரு."

கைப்பிள்ளை தவழ்ந்து வந்து கரண்டியைப் பிடித்தது. சுடலைமணி வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"ஏட்டி, மூடு."

"எத?"

"குக்கரத்தான். நாம ஒண்ணும் பாக்கல."

அவள் மூடவில்லை. பிள்ளைக்கு ஊட்டிவிட ஆரம்பித்தாள்.

காந்தி ஜெயந்தி அன்றைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கிராமசபை கூடியது. பஞ்சாயத்துத் தலைவர், யூனியன் ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி, பக்கத்தில் கம்பெனி மேனேஜர்; வந்த எல்லாருக்கும் கம்பெனி சார்பில் ஒரு பாட்டில் தண்ணீர். நீலாஞ்சனா கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கடியில் மண் காய்ந்து கிடந்தது. அன்றைக்கு விடிந்ததிலிருந்து அவள் சேலை சொட்டவில்லை. மொடமொடவென்று இஸ்திரி போட்டது போல் இருந்தது.

அது போதாதா ஊருக்கு? "காஞ்சுட்டால்லா" என்று ஒருத்தர் காதை ஒருத்தர் கடித்தார்கள். "நான்தான் சொன்னேனே, ட்யூபு இருக்குன்னு" என்றாள் வள்ளித்தாய், ட்யூப் இல்லையென்று தானே தடவிப் பார்த்தவள். மேனேஜர் எழுந்து சிரித்தார்.

"பாத்தீங்களா, ஷூட்டிங் முடிஞ்சுபோச்சு. அவங்க அடுத்த ஊருக்குக் கிளம்பிருவாங்க, நாங்க இங்கதான் இருப்போம். குளத்துல போர் போட்டா ஊருக்கு ரோடு வரும், ரெண்டு பேருக்கு வேலை வரும். சம்மதம் உள்ளவங்க கையைத் தூக்குங்க."

கைகள் தூக்கலாமா என்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தபோது, உலகம்மாள் இடுப்பில் பிள்ளையோடும் கையில் குக்கரோடும் எழுந்து முன்னால் போனாள். தூரத்தில், கம்பெனி வண்டியில் சாய்ந்து நின்ற சுடலைமணி நிமிர்ந்தான்.

"சார், ஒரு சந்தேகம். நீங்க எடுக்கது உப்புத் தண்ணிதான?"

"ஆமாம்மா. எத்தனை தடவை சொல்றது."

"மிஷினுக்குள்ள போறதுக்கு முந்தி?"

"சுத்த உப்பு. கையில தொட்டா பிசுபிசுக்கும்."

"அப்ப அதுல பருப்பு வேவாதுல்லா, சார்?"

மேனேஜர் அதிகாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். "ஒரு நாள் பூரா வச்சாலும் வேகாது."

உலகம்மாள், சுடலைமணி கொண்டுவந்த குடத்தின் மிச்சத் தண்ணீரில் அப்போதுதான் வேகவைத்து இறக்கின குக்கரை மேஜையில் வைத்துத் திறந்தாள். ஆவி மேலே போனது. கரண்டியை எடுத்து ஒரு தடவை கிண்டிக் காட்டினாள்.

"உங்க பருப்பு எங்க ஊர்ல வெந்துட்டு, சார்."

 வள்ளித்தாய், யாரையும் நம்பாதவள், தானே வந்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள், கண்ணை மூடினாள், திறந்தபோது கண் கலங்கியிருந்தது. "ஊர்க்கிணறு" என்றாள். "ஏ, இது நம்ம ஊர்க்கிணறுய்யா." அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுந்து வந்தார்கள், வரிசையாக, கோயில் பிரசாதத்துக்கு நிற்பதுபோல நின்று, ஒவ்வொரு விரலாகத் தொட்டு, ஒவ்வொருத்தராக எட்டு வருஷத்துக்கு முந்தின தங்கள் வீட்டு அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். அதிகாரியும் கொஞ்சம் தொட்டுப் பார்த்துவிட்டு எதையோ எழுதினார்.

"யார் குடுத்தது இந்தத் தண்ணிய? கம்பெனித் தண்ணின்னு என்ன ஆதாரம்?" என்றார் மேனேஜர்.

 உலகம்மாள் புருஷன் பெயரைச் சொல்லாமலே சமாளிக்கலாம் என்று இருந்தாள். ஆனால் சுடலைமணி நடந்து வந்தான், பாக்கெட்டிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தான், குக்கருக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நாந்தான் சார் புடிச்சேன். வண்டி கழுவுத குழாயில. நீங்களே வந்து ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

சம்மதத்துக்கு ஒரு கையும் எழும்பவில்லை. போர் வேண்டாம் என்று எழுதின தீர்மானத்துக்குத்தான் கைகள் எழுந்தன, விரல் நுனியில் மஞ்சளோடு. கம்பெனி அதனால் அன்றைக்கே பூட்டிக்கொண்டு போய்விடவில்லை, போர்டை மட்டும் இறக்கினார்கள், மற்றது கோர்ட்டில் இருக்கிறது. சுடலைமணி இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், குளத்தில் போர் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு நீலாஞ்சனா மட்டும் நாற்காலியில் இருந்தாள். உலகம்மாள் கிட்டே போய் அவள் கொசுவத்தை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது.

"தங்கச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு. நாக்கு வறளுது."

இத்தனை நாளில் அவளுக்கு ஒருத்தரும் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை, தண்ணீர் சொட்டுகிறவளுக்குத் தாகம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? பக்கத்தில் கம்பெனி பாட்டில்கள் மூடி திறக்காமல் கிடந்தன. உலகம்மாள் அவற்றைத் தாண்டிப் போய், பள்ளிக்கூடக் குழாயில் ஒரு தம்ளர் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள், கொடுத்துவிட்டு, வைத்த கண் வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தாள். விளம்பரத்தில் கண்ணை மூடின அதே முகம். நீலாஞ்சனா தம்ளரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"எப்படி இருக்கு?"

நீலாஞ்சனா புறங்கையால் வாயைத் துடைத்தாள். முகம் கோணிக்கொண்டு போனது.

"கரிக்குது" என்றாள்.

உலகம்மாள் சிரித்துவிட்டாள். தம்ளரை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் தடவையாக அவள் மடியில் தன் பிள்ளையை வைத்தாள்.